சீல் வைத்த லேப்டாப்பும் நாலு கட்டைக் குரலும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கோபம் சட்டென்று வரும். சந்தோஷம் அதைவிடச் சட்டென்று வரும். அந்த வருடம் ஆயுத பூஜைக்கு இரண்டு மாதம் இருக்கையில் இரண்டும் ஒரே நாளில், ஒரே சாப்பாட்டு மேஜையில் வந்தன.

ஒரகடத்தில் வண்டிகளுக்கான எலக்ட்ரானிக் போர்டு செய்கிற ஒரு கம்பெனியில் நான் லைன் லீடர். என் லைனில் மூன்றாவது ஆளாக நின்று ஸ்க்ரூ முடுக்குகிறவள் தென்காசிப் பக்கத்துப் பெண். ஸ்ரீபெரும்புதூரில் லேடீஸ் ஹாஸ்டலில் இருந்தாள். நான் மண்ணூர்க்காரி. காலை ஷிப்ட் பஸ் என்னை ஏற்றிக்கொண்டுதான் அவள் ஹாஸ்டலுக்குப் போகும். வந்து என் பக்கத்தில் உட்காருவாள். பஸ்ஸே தலை தொங்கித் தூங்கும். அவள் மட்டும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு முணுமுணுவென்று பாடுவாள். பெண்களிடம் அதிகம் கேட்காத கனமான குரல். சர்ச்சில் பன்னிரண்டு வருஷமாகக் கீபோர்டு வாசிக்கிறவள் நான், எத்தனையோ பேர் குரலைக் கேட்டிருக்கிறேன். இதைக் கேட்டதும் என் தூக்கம் போய்விட்டது.

அன்று கேன்டீனில் கேட்டே விட்டேன். "இன்னாடி, இப்படி ஒரு கொரல வச்சிக்கினு ஸ்க்ரூ முடுக்கினு கீற? மேடையில பாடலாமே?"

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். பத்தாவது படிக்கும்போது ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவில் மேடையேறி இருக்கிறாள். ஆர்க்கெஸ்ட்ராக்காரர்கள் அவள் சுருதி என்ன என்று கேட்கவே இல்லை.

"அஞ்சரைக் கட்டையில எடுத்துட்டாவக்கா. எனக்கு நாலுதான். மேல போகையில தொண்டை ஒடைஞ்சு போச்சு. முன்னால இருந்தவிய எல்லாரும் சிரிச்சிட்டாவ. எங்கப்பாவும் சிரிச்சிட்டாவ. அன்னையில இருந்து மைக்கு இருக்க பக்கமே நான் போறதில்ல."

எனக்கு அந்த ஆர்க்கெஸ்ட்ராக்காரன் மேல் வந்த கோபத்துக்கு, ஆள் எதிரில் இருந்திருந்தால் தட்டாலேயே அடித்திருப்பேன். கட்டை என்பது நாம் பாட ஆரம்பிக்கிற சுருதிதானே? கீபோர்டில் ஒரு பட்டனை அழுத்தினால் இறங்கி வரும். அந்தப் பட்டனை அழுத்தக் கூட ஒருவனுக்கு மனசு வரவில்லை என்றால் என்ன சொல்ல!

தட்டைக் கழுவப் போகிற வழியில் நோட்டீஸ் போர்டில் எச்.ஆர். ஒட்டியிருந்தார்கள்: ஆயுத பூஜை விழாவில் ஊழியர்கள் ஆடலாம், பாடலாம், பெயர் கொடுக்கவும். நான் அங்கேயே நின்று அவள் பெயரையும் என் பெயரையும் எழுதிவிட்டேன். அவளைக் கேட்கவில்லை. தப்புதான். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. ஆனால் எனக்கு ஒரு கணக்கு தெரிந்திருந்தது. அவள் காண்ட்ராக்ட் பூஜை முடிந்த வாரத்தோடு முடிகிறது. அதற்கப்புறம் ஊருக்குப் போய்விடுவாள். இந்த மேடையில் ஏறாமல் போனால், அந்தச் சிரிப்பைச் சுமந்துகொண்டேதான் போவாள்.

மூன்றாம் நாள் பஸ்ஸில் தானாக வாயைத் திறந்தாள். "நாலு கட்டைக்கு மேல ஏத்த மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க." பண்ணினேன்.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தோம். ஷிப்ட் முடிந்து மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். சர்ச் கீபோர்டில் நான் நாலு கட்டையில் வாசித்துப் பதிவு செய்து வைத்திருந்த ஒரு சினிமாப் பாட்டின் இசையைப் போனில் ஓடவிட்டேன். அவள் பாட வேண்டியதுதான். பல்லவி நன்றாக வந்தது. சரணம் எடுக்க வேண்டிய இடத்தில் ஒரு மூச்சு அதிகமாக வாங்கிவிட்டாள். அவ்வளவுதான், இசை அவளை விட்டுவிட்டுப் போய்விட்டது. பின்னாலேயே ஓடினாள், பிடிக்க முடியவில்லை. நின்றுவிட்டாள். கண் கலங்கிவிட்டது.

"இதுவும் அந்த ஆர்க்கெஸ்ட்ரா மாதிரிதானக்கா. எனக்காக நிக்கவே மாட்டேங்கு."

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. இவளுக்குச் சுருதி மட்டும் போதாது. இசை இவளுக்காகக் காத்திருக்கவும் வேண்டும். அவள் மூச்சு வாங்கினால் அதுவும் அங்கேயே சுற்றிக்கொண்டு நிற்க வேண்டும். அவள் எடுத்தால்தான் அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். அதற்கு ஆளும் வேண்டும், சாமானும் வேண்டும். ஆள் நான் இருக்கிறேன்!

இப்போது ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். ஸ்டூடியோ சாமான்களைப் பற்றிய வீடியோக்களை நான் வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மற்ற பெண்கள் போனில் புடவை பார்ப்பார்கள். நான் மைக் பார்ப்பேன். வாங்க ஒரு காரணம் கிடைக்காமல் தவித்துக் கிடந்தவளுக்கு, காரணம் தானாக வந்து சோற்றைப் பிசைந்துகொண்டு எதிரில் உட்கார்ந்துவிட்டது. கை பரபரத்தது. அடுத்த வாரம் ஒரு நாள் ஷிப்ட் முடிந்த கையோடு அவளையும் இழுத்துக்கொண்டு, சென்னையில் எலக்ட்ரானிக் கடைகள் இருக்கிற ரிச்சி தெருவுக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். நாங்கள் இரண்டு பேரும் ஷூவோடும் ஐ.டி. கார்டுக் கயிற்றோடும் போய் நின்றதைப் பார்த்துவிட்டு, "போன் கவரா சிஸ்டர்?" என்றார். வந்ததே கோபம் எனக்கு! ஆடியோ இன்டர்ஃபேஸ், டைனமிக் மைக், இருபத்தைந்து கட்டை கீபோர்டு, விரலால் தட்ட ரப்பர் பட்டன் வைத்த பேட் என்று மூச்சு விடாமல் அடுக்கினேன். மனிதர் ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காருங்க சிஸ்டர், டீ சொல்றேன்" என்றார்.

அதற்கப்புறம் மூன்று மணி நேரம் எனக்குத் தலைகால் புரியவில்லை. சும்மா சொல்லக் கூடாது, அவர் ஒவ்வொன்றையும் பெட்டியைப் பிரித்தே காட்டினார். பெரிய ஸ்டூடியோக்களில் வைக்கிற கண்டென்சர் மைக்கைப் பார்த்ததும் எனக்கு ஆசை. அவள் அதில் பாடினாள், குரல் தேனாக விழுந்தது. ஆனால் பின்னால் தெருவில் போன ஆட்டோவும், பக்கத்துக் கடையில் யாரோ இருமியதும் சேர்ந்தே விழுந்தன. எங்கள் வீடு இருப்பது கன்டெய்னர் லாரி போகிற ரோட்டில். அந்த மைக்கை வைத்தால் பாட்டை விட லாரிதான் நன்றாகப் பாடும். வாய்க்கு நேராக இருப்பதை மட்டும் வாங்குகிற சாதா டைனமிக் மைக்கையே எடுத்தேன். கீழே விழுந்தாலும் உடையாது, மேடைக்கும் அதே போதும்.

அடுத்தது இன்டர்ஃபேஸ். மைக்கின் சத்தத்தையும் வாசிக்கிற சத்தத்தையும் லேப்டாப்புக்குள் கொண்டுபோய் வெளியே எடுத்து வருகிற கையளவுப் பெட்டி. வீடியோக்களில் பேர் கேட்டதோடு சரி, அது இல்லாவிட்டால் என்ன குறையும் என்று எனக்குத் தெரியாது. "இது எதுக்குங்க, லேப்டாப்லயே இயர்போன் சொருகுற காது ஓட்டை இருக்கே?" என்று கேட்டேன். அவர் கடை லேப்டாப்பில் நேராகக் கீபோர்டைச் சொருகி வாசிக்கச் சொன்னார். கட்டையை அழுத்தினேன், சத்தம் கண் சிமிட்டுகிற நேரம் கழித்து வந்தது. கை ஓரிடம், பாட்டு ஓரிடம். பெட்டியை நடுவில் வைத்ததும் விரல் பட்ட கணமே சத்தம் வந்தது. நான் கடையிலேயே ஓவென்று கத்திவிட்டேன்.

கடைசியில் பெரிய கேள்வி வந்தது. கடைக்காரர் உள்ளேயிருந்து ஒரு கறுப்புப் பெட்டியைத் தூக்கி வந்து வைத்தார். மேலே பதினாறு ரப்பர் பட்டன், குட்டித் திரை. "இதுக்குக் கம்ப்யூட்டரே வேணாம் சிஸ்டர். எல்லாம் உள்ளயே இருக்கு. பிளக்க சொருகுனா மேடை ரெடி. லைவுக்கு இதுதான் சேஃப்."

தட்டிப் பார்த்தேன். பிரமாதமாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டில் உட்கார்ந்து பாட்டைக் கட்டவும் வெட்டி ஒட்டவும் அந்தக் குட்டித் திரை கண்ணைப் பிடுங்கும். லேப்டாப்பும் பாட்டுக் கட்டுகிற சாஃப்ட்வேரும் என்றால் வீட்டுக்கும் அதுவே, மேடைக்கும் அதுவே. ஒரே சாமானில் இரண்டு வேலை. லைன் லீடர் மூளை அப்படித்தான் யோசிக்கும். அந்தச் சாஃப்ட்வேரில் பாட்டைத் துண்டு துண்டாக வைத்துக்கொள்ளலாம். ஒரு துண்டு சுற்றிக்கொண்டே இருக்கும். நான் அடுத்த பட்டனைத் தட்டினால்தான் நகரும். நான் தேடி வந்ததே அதுதானே! கறுப்புப் பெட்டியைத் திருப்பி வைக்கச் சொல்லிவிட்டு, ஒரு லேப்டாப், அதோடு யூ.எஸ்.பி. ஒயரில் சேருகிற கீபோர்டு, பேட், இன்டர்ஃபேஸ் என்று வாங்கிக்கொண்டு இறங்கினேன். திரும்பும் பஸ்ஸில் பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு இருவரும் காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த ஆறு வாரமும் எனக்குத் திருவிழாதான். மத்தியானம் வந்து சோறு தின்ற கையோடு உட்கார்ந்துவிடுவோம். எங்கள் அம்மா, "மொதல்ல யூனிபாரத்த கயட்டுங்கடி" என்று கத்திக்கொண்டே டீ போட்டுத் தருவாள். தென்காசிக்காரியே பாட்டு எழுதினாள், அவளே மெட்டும் போட்டாள். ஷிப்ட் பஸ்ஸைப் பற்றிய பாட்டு. ‘ஜன்னல் ஓர சீட்டு எனக்கு, தூங்கி விழத் தோளு உனக்கு’ என்று ஆரம்பிக்கும். லைனில் கன்வேயர் பெல்ட் ஓடுகிற சத்தத்தையே நான் தாளமாகக் கட்டினேன். நாலு கட்டையில் வைத்து, அவள் மூச்சு வாங்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு சுற்றை நிறுத்தி வைத்தேன். முதல் தடவை வேண்டுமென்றே நீளமாக மூச்சு வாங்கிப் பார்த்தாள். இசை அங்கேயே சுற்றிக்கொண்டு நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தாள் பாருங்கள், அந்தப் பார்வைக்காக இன்னும் இரண்டு லேப்டாப் வாங்கியிருப்பேன்.

ஆயுத பூஜை காலை. கம்பெனி கேட்டில் வாழைமரம் கட்டியிருந்தது. எச்.ஆரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிய கேட் பாஸ் கையில், சாமான் எல்லாம் ஒரே பையில். பட்டுப் புடவையில் அவள், பக்கத்தில் நான். செக்யூரிட்டி அண்ணன் பாஸைப் படித்தார். ஒவ்வொன்றாக டிக் அடித்தார். பிறகு மேஜை டிராயரைத் திறந்து வெள்ளை ஸ்டிக்கர் சுருளை எடுத்து, லேப்டாப் கேமரா மேல் ஒன்று, யூ.எஸ்.பி. ஓட்டைகள் மேல் ஒவ்வொன்றுக்கும் ஒன்று என்று நிதானமாக ஒட்டினார்.

லேப்டாப்பைச் சட்டென்று என் பக்கம் இழுத்தேன்.

"அண்ணே, இன்னாண்ணே பண்ற?"

"இன்னா பண்றனா? இன்னிக்கித்தான் புச்சா வந்து சேந்தியா நீ? எந்த லேப்டாப் உள்ள போனாலும் சீல். பூஜன்னா மட்டும் ரூல் மாறுமா?"

எத்தனை வருஷமாக இந்த மேஜையைக் கடந்து போகிறேன்! தினமும் என் கேமரா போனை இங்கேதான் லாக்கரில் வைக்கிறேன். கஸ்டமர் கம்பெனிக்காரர்கள் வந்தால், உள்ளே இருப்பதைப் படம் பிடிக்கவோ நகலெடுக்கவோ கூடாதென்று அவர்கள் லேப்டாப்புக்கு இதே ஸ்டிக்கர் ஒட்டுவதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். ஸ்டிக்கர் கிழிந்த ஒருவரை நானே பிடித்துக் கொடுத்து, மீட்டிங்கில் கைதட்டல் வாங்கியவள். அந்த ரூல் எனக்கு அவ்வளவு பழகிப்போனதால்தான், என் பாட்டுக்கும் அதுதான் என்பது புத்தியில் ஏறவே இல்லை. லாரி ஹாரனை யோசித்தேன், கண் சிமிட்டுகிற நேரத்தை யோசித்தேன்; தினமும் நுழைகிற கேட்டை யோசிக்கவில்லை. கீபோர்டு, பேட், இன்டர்ஃபேஸ், மூன்றும் யூ.எஸ்.பி. மூன்றும் இனி வெறும் பெட்டி.

"கொஞ்சம் கண்டுக்காம வுடுண்ணே. ஒரு பாட்டுதான்."

"சீல் ஒடைஞ்சா என் வேலையும் போவும், உன் வேலையும் போவும். போம்மா, சுண்டல் ஆறிடப் போவுது."

அவர் சொன்னது நியாயம்தான். அதனால் கோபம் முழுக்க என் மேலேயே திரும்பியது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவள் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "விடுங்கக்கா. நமக்கு அம்புட்டுத்தான். நான் பேர அடிச்சிட்டு வாரேன்."

"அடிச்சேன்னா கால ஒடச்சிருவேன்," என்றேன். அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கேன்டீனுக்குள் போனேன்.

மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்து, ஒட்டாமல் விட்டிருப்பது என்ன என்று தடவிப் பார்த்தேன். காது ஓட்டை இருந்தது. எழுத்துக் கட்டைகள் இருந்தன. அவ்வளவுதான் இருந்தது; ஆனால் அவ்வளவு இருந்தது! சத்தம் காது ஓட்டை வழியாக ஸ்பீக்கருக்குப் போகட்டும். அந்தச் சாஃப்ட்வேரில் எழுத்துக் கட்டைகளையே சுரக் கட்டைகளாக வாசிக்கலாம்; வாங்கின நாளில் விளையாட்டாகத் தட்டிப் பார்த்துவிட்டு விட்டிருந்தேன். ஒன்றிலிருந்து ஐந்து வரை நம்பர்களில் பாட்டின் துண்டுகளை ஏற்றினேன். லைனில் போடுகிற என் கோட் பையில், போர்டுகள் மேல் ஒட்டுகிற கலர் குவாலிட்டி ஸ்டிக்கர்கள் இருந்தன. பல்லவிக்குப் பச்சை, அவள் மூச்சு வாங்குகிற சுற்றுகளுக்கு மஞ்சள், முடிவுக்குச் சிவப்பு என்று கட்டைகள் மேல் ஒட்டினேன். வெளியே எங்கள் லைன் மெஷினுக்குக் கற்பூரம் காட்டினார்கள். தட்டோடு வந்த ஒருத்தி கேட்காமலேயே என் லேப்டாப்புக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டுப் போனாள்.

மேடையில் சவுண்ட் சர்வீஸ்காரர் ஒயரைச் சொருகிக் கொடுத்தார். ஒரு கட்டையைத் தட்டிப் பார்த்தேன். கடையில் கேட்ட அதே கோளாறு: சத்தம் கண் சிமிட்டுகிற நேரம் கழித்து வந்தது. நடுவில் வைக்க இன்டர்ஃபேஸ் இல்லை. பிறகு, ஓடுகிற கன்வேயரில் போர்டு கைக்கு வந்தபிறகா ஸ்க்ரூ டிரைவரை எடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன். வருவதற்கு முன்பே கை போய்விடும். ஒவ்வொரு சுரத்தையும் ஒரு கண் சிமிட்டு முன்னதாகத் தட்டினேன். சரியாக விழுந்தது.

அவள் மைக்கைப் பிடித்தாள். முன்னால் மூன்று ஷிப்ட் ஆட்களும் தட்டில் பொரியோடு உட்கார்ந்திருந்தார்கள். இசை ஆரம்பித்தது. அவள் எடுக்கவில்லை. மஞ்சளை அழுத்தினேன், ஒரு சுற்று போனது. இரண்டாவது சுற்றும் போனது. கூட்டத்துக்கு அது ஆரம்ப இசை என்றுதான் பட்டிருக்கும். மூன்றாவது சுற்றில் ‘ஜன்னல் ஓர சீட்டு எனக்கு’ என்று எடுத்தாள். நான் பச்சையைக் குத்தினேன்.

பஸ் பாட்டு என்று தெரிந்ததும் கேன்டீனே ஆடிவிட்டது! யார் கையிலும் போன் கிடையாது. வீடியோ எடுக்க வழியில்லாததால் அத்தனை பேரும் இரண்டு கையாலும் தாளம் தட்டினார்கள். சரணத்துக்கு முன் அவள் நிதானமாக மூச்சு வாங்கினாள், நான் நிறுத்தி வைத்தேன், அவள் எடுத்ததும் நகர்ந்தேன். கடைசி வரி வரைக்கும் ஒரு இடறல் இல்லை. சிவப்பை அழுத்தியபோது என் முதுகு முழுக்க வேர்வை. எங்கள் லைன் பெண்கள் பெஞ்சு மேல் ஏறிவிட்டார்கள். "ஒன்ஸ் மோர்! ஒன்ஸ் மோர்!"

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"யக்கா, ஒரு கட்டை ஏத்துங்க. அஞ்சுல பாடுதேன்."

"லூசாடி நீ? நாலுலயே சூப்பரா கீது. இத்தோட எறங்கிடலாம், வா."

மைக் அணையவில்லை, அவள் கையில் என் வாய்க்கு நேராகவே இருந்தது. நான் சொன்னது ஸ்பீக்கர் முழுக்கக் கேட்டது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. எனக்குப் பகீரென்றது. அத்தனை பேர் சிரிப்பையும் இவள் மறுபடியும் மேடையில் நின்று கேட்கும்படி நானே செய்துவிட்டேனே!

அவள் கூட்டத்தைப் பார்த்தாள். பிறகு அவளும் சிரித்தாள், மைக்கிலேயே.

"சிரிக்கட்டும்க்கா. நீங்க ஏத்துங்க, நான் பாத்துக்கிடுதேன்."

சத்தியம் பண்ணியிருந்தேன். அதை அவள்தான் கேட்டு வாங்கினாள், அவளே திருப்பிக் கொடுக்கிறாள். சுருதியை ஐந்துக்கு ஏற்றினேன். பல்லவி ஏறியது. சரணம் ஏறியது. உச்சிக்குப் போகிற இடம் வந்ததும் நான் எழுத்துகளைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே அவள் குரல் உடைந்தது. ஸ்பீக்கரில் எல்லோருக்கும் நன்றாகக் கேட்டது. அவள் நிற்கவில்லை. மைக்கை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டு, அந்த உடைந்த குரலிலேயே வரியைப் பிடித்துக்கொண்டு மேலே போனாள்.